அம்மா சொன்ன நேத்தி

அத்தியாயம் 17

செவ்வாய்க்கிழமையிலிருந்து லக்சிகா ஒரு சொல்கூடப் பேசவில்லை.

முதல் நாள் பயமாக இருந்தது. அடுத்த நாள் எரிச்சலாக இருந்தது. அதன்பிறகு என்ன நடந்ததோ, உலகத்தின் சத்தங்கள் எல்லாம் தயங்கித் தயங்கி அவள் பக்கத்தில் வந்து உட்காரத் தொடங்கிவிட்டன. கேத்தில் கொதிப்பதற்கு முன் விடும் பெருமூச்சு. மேல்வீட்டுக்காரர் செருப்பை இழுத்து நடக்கும் நடை. தான் பேசிக்கொண்டிருந்த காலமெல்லாம் இவை எங்கே ஒளிந்திருந்தன என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை, ஜெர்மனியின் டோர்ட்முண்டிலிருந்து ஊன்ட்றொப் அம்மன் கோவில் தேர்த்திருவிழாவுக்குப் போகும் வழியில் சின்னத் தூறல். அப்பாவின் பழைய காரின் வைப்பர் கண்ணாடியை வழித்துக்கொண்டே வந்தது. ஒருபக்கம் போகும்போது ஒழுங்காகப் போகும். திரும்பி வரும்போது மட்டும் கொஞ்சம் பிந்தும்.

பின் இருக்கையில் கண்ணை மூடியபடி லக்சிகா அந்தப் பிந்தலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய பாட்டே அந்தப் பிந்தலில்தான் இருக்கிறது. ட்ரம் ஒரு இடத்தில் விழும். அவளுடைய குரல் அவசரமில்லாமல், தூக்கம் கலையாத பெண்போலப் பின்னால் வரும். நியோ சோல் இசை என்று பத்திரிகைகள் எழுதும். அம்மா புஷ்பராணி சொல்லும் விளக்கம் வேறு: "கேட்டா நித்திரை வரும். ஆனா நித்திரை கொள்ள விடாது."

யார் யாருக்கோ பின்னால் நின்று கோரஸ் பாடியவள். குளிர்ஜாக்கெட்டுகள் தொங்கும் அலுமாரிக்குள் மைக்கை வைத்துப் பதிவுசெய்த ஒரு பாட்டு வானொலியில் போய், பிறகு லைப்சிக், கார்ல்ஸ்ரூஹே என்று சின்னச் சின்ன மண்டபங்கள் நிறைந்து, முப்பத்தொரு வயதில் இப்போது ஹம்பேர்க்கில் ஒரு பெரிய அரங்கம் அவளுக்காகக் காத்திருக்கிறது. அடுத்த மாதம்.

அதற்கான ஒத்திகையில்தான், கொலோனில், வாத்தியக்காரர்கள் வருவதற்கு முன் தனியாகப் பாடிப் பார்த்தபோது, ஓர் உயர்ந்த சுரத்தின் நடுவில் அவள் தொண்டைக்குள் நூல் அறுந்ததுபோல ஏதோ அறுந்தது. யாருக்கும் எதுவும் சொல்லாமல் வெளியே வந்தவள் நேரே வைத்தியரிடம் போனாள்.

"குரல்நாணில் இரத்தம் கசிந்திருக்கிறது" என்றார் அந்தப் பெண் வைத்தியர். "தானாக ஆறலாம். ஆறினாலும் பழைய குரல் வராமல் போகலாம். திங்கட்கிழமை பார்ப்போம். அதுவரை பேச்சு இல்லை, கிசுகிசுப்பு இல்லை, முணுமுணுப்பு இல்லை. விம்மி அழுவதும் இல்லை."

அன்றைக்கே லக்சிகா தொலைபேசியை நிறுத்தி மேசை லாச்சிக்குள் போட்டாள். ரஜிதனுக்காகத்தான்.

ரஜிதன் அவளுடைய கீபோர்ட்காரன். அவள் தேடும் சுரத்தை அவளுக்கு முன்னரே கண்டுபிடித்து வைத்துவிட்டுக் காத்திருப்பவன். லண்டன் பாடகி ஒருத்தி தன் குழுவோடு ஒரு வருடம் உலகம் சுற்ற அவனைக் கூப்பிட்டிருக்கிறாள். இந்த ஞாயிறு மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். "உன்னை விட்டுட்டு நான் எங்கை போறது, விசரே?" என்று ஒத்திகைக்கு முதல்நாள்தான் சிரித்தான்.

குரல் போன கதை தெரிந்தால் அவன் போகமாட்டான். இரக்கப்பட்டு நின்றுவிடுவான். தெரியாவிட்டால் போய்விடுவான். இன்றைக்கு மாலை வரை மறைத்தால் போதும்.

"ஆர் என்ன கேட்டாலும் நீ சிரி" என்றாள் புஷ்பராணி முன் இருக்கையிலிருந்து. "மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்."

"நீ பாத்துக்கொள்ளுறன் எண்டு சொல்லுறதுதான் எனக்குப் பயம்" என்றார் அப்பா கணேசலிங்கம்.

"இந்த மனுசனுக்கு என்னில எப்பவாவது நம்பிக்கை இருந்திருக்கோ? தேரண்டைக்கு வராமல் விட்டா சனம் என்ன கதைக்கும்? வருஷா வருஷம் நான் இவளுக்காகத்தானே கற்பூரச் சட்டி எடுக்கிறனான்? உந்த வைப்பரை ஒருக்கா மாத்துங்கோவன், பல்லுக் கூசுது."

லக்சிகா கண்ணைத் திறக்காமல் சிரித்தாள். அம்மாவின் பேச்சு அப்படித்தான், டோர்ட்முண்டில் தொடங்கினால் ஊன்ட்றொப்பில்தான் மூச்சு விடும்.

*

காமாட்சி அம்பாள் கோவில் தெருவில் தூறல் நின்று வெயில் வந்திருந்தது. ஈரத் தார்வீதியில் ஆவி. தெருவின் இரு பக்கமும் கடைகள். கடைகளில் தொங்கிய சேலைகளுக்கு மேலே, தூரத்தில், மின்நிலையத்தின் வெள்ளைப் புகை அசையாமல் நிற்பதுபோல நின்றது.

"அடியேய் லக்சி!"

காப்புக் கடை அஜிதா. கணவரோடு ஊர் ஊராகத் திருவிழாக்களுக்குக் கடை கொண்டு போகிறவள். அவள் காதில் விழுந்த செய்தி பரிஸ் வரைக்கும் போய்விடும்.

"நேற்றும் ரேடியோவில உன்ர பாட்டுப் போச்சு. இவரிட்டச் சொன்னன், எங்கட பிள்ளையப்பா எண்டு. என்ன, சிரிச்சுக்கொண்டு நிக்கிறாய்? பெரிய ஆள் ஆயிட்டாய் எண்டு எங்களோட கதைக்க மாட்டியோ?"

லக்சிகா இன்னும் கொஞ்சம் பெரிதாகச் சிரித்தாள்.

"என்ன புஷ்பமக்கா, பிள்ளைக்குத் தொண்டையில ஏதும் பிரச்சினையோ?"

அந்த ஒரு கேள்வி போதும். தொண்டை போன பாட்டுக்காரி. நாளைக்கே ஜெர்மனி முழுக்கப் போன் அடிக்கும். ஹம்பேர்க் வரைக்கும் போகும். புஷ்பராணி அதிகம் யோசிக்கவில்லை.

"சீச்சீ. அவள் நேத்தி, அஜிதா. அம்மனுக்கு. கதைக்காமல் இருக்கிறன் எண்டு வைச்சிருக்கிறாள்."

"என்னத்துக்கு நேத்தி?"

"அது... ஒரு நல்ல காரியத்துக்கு."

"ஓ!" என்றாள் அஜிதா. கையில் இருந்த காப்புகளைக் கீழே வைத்தாள். "ஓஓ!"

முப்பத்தொரு வயதாகியும் கலியாணமாகாத ஒரு பெண்ணுக்கு எங்கள் சனம் ஒரேயொரு நல்ல காரியத்தைத்தான் வைத்திருக்கிறது.

*

அவர்கள் தண்ணீர்ப் பந்தலுக்கு வந்தபோது சனத்தின் வாயில் மாப்பிள்ளை சுவிஸ் ஆகியிருந்தார். செருப்பு விடும் இடத்தில் என்ஜினியர் ஆனார். தேங்காய் அடிக்கிற இடத்துக்கு அவர்கள் வந்து சேர்வதற்குள், கலியாணத்தோடு லக்சிகா பாட்டை விடப்போகிறாள் என்று முடிவாகிவிட்டது.

"நல்ல முடிவு பிள்ளை" என்று யாரோ ஒருவர் அவள் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

இன்னொரு அம்மா தன் மகளை முன்னால் தள்ளினாள். "இவளுக்கு வாற வருஷம் அபிட்டூர் சோதினை. நீ மௌனமா இருக்கிறனீ. அம்மனிட்ட இவளையும் ஒருக்கா நினைச்சுக்கொள்."

"அம்மா, பின்லிஷ்!" என்று மகள் ஜெர்மனில் முனகி வெட்கத்தால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

லக்சிகா அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து அழுத்தினாள். அப்படியே நினைத்தும் கொண்டாள். ஏனென்று அவளுக்கே தெரியவில்லை. பேசாமல் இருந்தால் ஒரு மனிதர் சொல்வதை மறுக்க முடியாது. ஏற்றுக்கொண்டு நிற்கத்தான் முடியும். சனங்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் கதைகளை அவள்மேல் மாலைபோலப் போட்டுவிட்டுப் போனார்கள்.

பிறகு தேர் அசைந்தது.

நாதஸ்வரம் ஒரு நீண்ட கோட்டை இழுத்துக்கொண்டு மேலே போனது. தவில் அதைத் துரத்தாமல், தனக்குத் தோன்றிய நேரத்தில் வந்து சேர்ந்தது. தெருவின் கோடியில் கால்வாயில் போன சரக்குப் படகின் இயந்திரம் அடியில் ஒரு கனமான சுரத்தைப் பிடித்தது. மூன்றும் ஒன்றுக்கொன்று தெரியாமல் ஒரே பாட்டாயின. அந்தப் பாட்டுக்கு மேலே, கற்பூரப் புகை மாதிரி, லக்சிகாவுக்குள் ஒரு மெட்டு எழுந்தது. இதுவரை அவள் கேட்டிராத மெட்டு.

முணுமுணுத்துப் பார்க்க முடியாது. கையில் ஏந்திய தண்ணீர்போல அதைச் சிந்தாமல் மனசில் பிடித்துக்கொண்டு அவள் கூட்டத்தின் நடுவே மிதந்து போனாள். நாளைக்கு அந்த வைத்தியர் 'இனி இல்லை' என்று சொன்னால், இது எங்கே போகும்? பாடாத மெட்டுகளுக்கு ஒரு இடம் இருக்குமா?

*

மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டு வாகனத் தரிப்பிடத்தில் தொண்டு செய்துகொண்டிருந்த கணேசலிங்கம், வேர்த்து விறுவிறுத்துத் தண்ணீர்ப் பந்தலடிக்கு, மனைவியும் மகளும் நின்ற இடத்துக்கு வந்தார்.

"புஷ்பம், கார் விட வாற சனம் எல்லாம் எனக்குக் கைகுடுத்து வாழ்த்துச் சொல்லுது. மருமகனுக்கு பேர்ன்ல சொந்த வீடாம். எனக்கும் ஒரு சொல் சொல்லியிருக்கலாம்."

"நான் சுவிஸ் எண்டு வாயே திறக்கேல்லை!"

"நேத்தி எண்டு திறந்தனீதானே?"

"பிள்ளையின்ர தொண்டைக் கதையை ஊருக்குச் சொல்லச் சொல்லுறியளோ?"

"நான் அதைச் சொல்லேல்லை." அவர் குரலைத் தாழ்த்தினார். "அம்மன் தேரில வாற நேரத்தில, அம்மன்ர தெருவில நிண்டு, அம்மன்ர பேரில பொய் சொல்லியிருக்கிறாய். அதுதான்."

சொல்லிவிட்டு அவர் மோர் வாங்கக் கை நீட்டினார். புஷ்பராணி அப்படியே நின்றாள். தேர் திரும்பி வந்துகொண்டிருந்தது. உள்ளே அம்மன் சிவப்புப் பட்டு உடுத்து நேராக இவளையே பார்ப்பதுபோல இருந்தது.

லக்சிகா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பேச்சு இல்லாத அந்த ஒரு நிமிஷத்தில் அந்த முகம் சின்னப் பெண்ணுடையதாக இருந்தது.

"லக்சி, இஞ்சை பார்" என்றாள் புஷ்பராணி கடைசியில். "நீ கதைக்காமல் இருக்கிறது டொக்டர் சொன்னதுக்கு. அது நேத்தி இல்லை. ஆனா நான் சொல்லிப்போட்டன். சொன்னதை அம்மன் கேட்டிட்டா. இனி அதை ஆரோ ஒராள் செய்யத்தானே வேணும்?"

"என்ன சொல்லுறாய்?" என்றார் கணேசலிங்கம்.

"நான் செய்யிறன். இவள் மேடையில ஏறிப் பாடுற நாள் வரைக்கும் நான் வாய் திறக்கமாட்டன்."

"நீயோ?"

"நான்தான்."

"ஐயோ, ஒரு கிழமை எண்டு வையப்பா. அம்மனும் நம்பவேணுமெல்லோ? நாளைக்கு நீ வேலை செய்யிற பேக்கரியில ஆர் உனக்குப் பதிலாக் கதைச்சுப் பாண் விக்கிறது?"

"கையால காட்டுவன்."

"கோவம் வந்தா?"

புஷ்பராணி அதற்குப் பதில் சொல்லவில்லை. கற்பூரச் சட்டியை எடுத்தாள். கணேசலிங்கம் இன்னொரு கேள்வி கேட்டார். அதற்கும் பதில் இல்லை. அப்போதுதான் அவருக்கும் மகளுக்கும் ஒன்றாகப் புரிந்தது. ஏற்கெனவே தொடங்கிவிட்டது.

சட்டியில் சுவாலை துள்ள, புஷ்பராணி பெண்களோடு பெண்ணாகத் தேருக்குப் பின்னால் நடந்தாள். அவளுடைய உதடுகள் இறுக மூடியிருந்தன.

லக்சிகா அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டு நடந்தாள். வைப்பருக்கும் கேத்திலுக்கும் காது கொடுத்த இந்த நாட்களில் அவள் ஒன்றைக் கவனிக்கவில்லை. அவளுடைய நாட்களுக்கெல்லாம் அடியில் ஓடிக்கொண்டிருந்த சத்தம் அம்மாதான். வானொலியில் போன அந்த முதல் பாட்டின் மெட்டுக்கூட அம்மா தொலைபேசியில் பெரியம்மாவோடு கதைக்கும் ஏற்ற இறக்கத்திலிருந்து வந்ததுதான். அதை அவள் அம்மாவிடம் சொன்னதே இல்லை. இப்போது சொல்லவும் வழியில்லை.

*

கால்வாய்க் கரையில் சனம் குறைவு. ஈரப் புல். தண்ணீரில் மேகம். லக்சிகா அங்கே ஒதுங்கி நின்றபோது, தேர் வடம் பிடித்த கோலத்தில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு ரஜிதன் வந்தான். வழக்கமாக அவளைக் கண்டால் தூரத்திலேயே இரண்டு கைகளாலும் காற்றில் பியானோ வாசித்துக் காட்டுவான். இன்றைக்குக் கைகள் சும்மா தொங்கின.

"சுவிஸ் எண்டினம்" என்றான்.

அவள் தண்ணீரைப் பார்த்தாள்.

"என்ஜினியராம். நல்ல உயரமாம். அஜிதாக்கா அவரை நேரில கண்டவா மாதிரிச் சொல்லுறா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை.

"பாட்டை விடப்போறியாம். அதை மட்டும் சொல்லு. சுவிஸ் போ, எங்கையெண்டாலும் போ. பாட்டை விடப்போறியோ?"

லக்சிகா ஈரப் புல்லில் கால்விரலை ஊன்றினாள்.

"சரி, கதைக்கேலாது. நேத்தி. ஓம் எண்டா தலையை ஆட்டு. இல்லையெண்டாலும் ஆட்டு. என்னத்தையாவது ஆட்டு, லக்சி!"

ஒரு தலையசைப்பு. அவ்வளவுதான் தேவை. ஊரே சேர்ந்து அவளுக்காக ஒரு பொய்யைக் கட்டித் தந்திருக்கிறது, கதவு யன்னலோடு, பேர்னில் வீட்டோடு. ஓம் என்று ஆட்டினால் அவன் கோபித்துக்கொண்டு லண்டன் போவான். பெரிய மேடைகளில் வாசிப்பான். அவள் நினைத்தது நடக்கும்.

தெருப்பக்கமிருந்து கற்பூர வாசம் வந்தது. அந்தப் புகைக்குள் எங்கேயோ அம்மா வாயை மூடிக்கொண்டு நடக்கிறாள். சொல்லிவிட்ட ஒரு பொய்யை உண்மையாக்குவதற்கு.

லக்சிகா தலையை அசைக்கவில்லை. கையை நீட்டினாள்.

அவன் புரியாமல் பார்த்தான். பிறகு மடியில் செருகியிருந்த தொலைபேசியை எடுத்துக் கொடுத்தான். அவள் எழுதினாள். எழுதி, அழித்து, மறுபடி எழுதினாள்.

'நேத்தி இல்லை. சுவிஸ் இல்லை. குரல் போச்சு. ஒத்திகையில தொண்டைக்குள்ள இரத்தம் கசிஞ்சிட்டுது. திரும்பி வருமோ தெரியாது. நாளைக்கு டொக்டரிட்ட டெர்மின். உனக்குச் சொன்னா நீ லண்டன் போகமாட்டாய். அதாலதான் ஒளிச்சன்.'

அவள் பிடித்துக்காட்டிய திரையை அவன் வாசித்தான். திரும்பவும் வாசித்தான். ஒரு படகு மெல்ல அவர்களைத் தாண்டிப் போனது. அது கிளப்பிய அலை கரையில் வந்து தட்டும்வரை அவன் நிமிரவில்லை.

நிமிர்ந்தபோது முகத்தில் நிறமே இல்லை.

"லக்சி... நான் வெள்ளிக்கிழமையே ஓம் எண்டு சொல்லிட்டன்."

அவள் தொலைபேசியைக் கீழே தாழ்த்தினாள்.

"உன்ர போன் நிப்பாட்டிக் கிடந்துது. வீட்டுக்கு வந்தன். அங்கிள் வாசல்லயே நிண்டு, அவள் நித்திரை எண்டார். பட்டப்பகல்ல என்ன நித்திரை? நீ என்னைக் கழட்டி விடுறாய் எண்டு நினைச்சன். கோவம். அந்தக் கோவத்திலயே கையெழுத்து வைச்சு அனுப்பிட்டன். செவ்வாய்க்கிழமை போறன். அதை நேரில சொல்லிட்டுப் போகத்தான் இண்டைக்கு வந்தனான்."

அவள் விரும்பியது இதுதான். அவன் போக வேண்டும் என்றுதானே இத்தனையும்? அப்படியென்றால் தொண்டைக்குள் ஏன் இது இப்படித் திரண்டு எழும்புகிறது?

விம்மி அழுவதும் இல்லை என்று அந்த வைத்தியர் சொன்னது காதில் கேட்டது. லக்சிகா வாயை மூடி, மூக்கால் நீளமாக மூச்சை விட்டாள். கண்ணீர் மட்டும் சத்தமில்லாமல் தன் பாட்டில் இறங்கியது. அதற்குத் தடை இல்லை.

"நாளைக்கு எத்தனை மணிக்கு டெர்மின்?" என்றான் ரஜிதன். "நான் வாறன். நான் வரலாம்தானே? செவ்வாய்தானே போறன்."

அவன் தொலைபேசி இன்னும் அவள் கையில் இருந்தது. அவள் எதுவும் எழுதவில்லை.

பின்னால் புல்லில் காலடி கேட்டது. புஷ்பராணி. நெற்றியில் வியர்வையும் திருநீறும் குழைந்திருக்க, அணைந்த சட்டியை இடுப்பில் ஏந்திக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. 'செவ்வாய்தானே போறன்' கேட்டிருந்தது என்பதை அவள் கண்கள் சொல்லின.

"அன்ரி" என்றான் ரஜிதன். அவன் குரல் உடைந்தது. "எனக்கு ஒண்டும் தெரியாது, அன்ரி. ஏசுங்கோ. நல்லா ஏசுங்கோ. ஏசினா எனக்கு ஆறும்."

புஷ்பராணியின் நெஞ்சு விம்மித் தாழ்ந்தது. போகாதே தம்பி என்று சொல்வதற்கோ, போய்த் தொலை என்று சொல்வதற்கோ, அவளுடைய உதடுகள் பிரிந்தன. ஒரு சொல் போதும். அம்மாவின் ஒரு சொல்லுக்கு அவன் இந்த நிமிஷமே நின்றுவிடுவான். அது லக்சிகாவுக்கும் தெரியும்.

அவள் ஓடிப்போய்த் தன் கையால் அம்மாவின் வாயைப் பொத்தினாள்.

நேர்த்தியில் அவளுக்கு நம்பிக்கை இருந்ததே இல்லை. ஆனாலும் அது முறியக்கூடாது என்று கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். எனக்கு என் குரல் வேண்டும் அம்மா என்று கண்ணால் கெஞ்சினாள். அம்மாவின் சொற்கள் எல்லாம் வெறும் மூச்சாக, சுடச்சுட, அவள் உள்ளங்கையில் வந்து மோதிக்கொண்டிருந்தன.

ரஜிதன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

லக்சிகா கையை எடுக்கவில்லை.